கடைக்கு இணையத்தளம் கட்டும் முன்: கேள்வி பதில்

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சிறு வணிகங்களுக்கு இணையத்தளம் செய்து தரும் ஒரு குழுவில் வேலை பார்க்கிறேன். கடைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

மஸ்ஜித் இந்தியாவில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். ஒருத்தர் 800 ரிங்கிட் என்கிறார், இன்னொருத்தர் 12,000 கேட்கிறார். இரண்டும் இணையத்தளம்தானே தம்பி?

இரண்டும் வேறு வேலை அக்கா. 800 கேட்பவர் ஆயத்த டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து உங்கள் லோகோவையும் படங்களையும் போட்டுத் தருவார். அதில் தப்பே இல்லை. முகவரி, நேரம், வாட்சாப் எண் தெரிந்தால் போதும் என்றால் அதுவே தாராளம்.

12,000 கேட்பவரிடம் ‘டிசைனைக் காட்டுங்கள்’ என்று சொல்வதை விட ‘முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். உங்கள் கடையில் யார் வாங்குகிறார்கள், எதைக் கேட்டு ஃபோன் வருகிறது, தீபாவளிக்கு முந்தின மாதம் என்ன நடக்கிறது என்றெல்லாம் விசாரிக்கிறவர் உருப்படியானவர். அப்புறம் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று வண்ணம் எதுவும் இல்லாமல் கோட்டுப் படமாகப் போட்டுக் காட்டுவார். அதற்கு நீங்கள் சரி சொன்ன பிறகுதான் டிசைன், அதற்குப் பிறகு கோடிங். துணி, நிறம், விலை என்று பிரித்துத் தேடுவது, கல்லாவில் விற்ற சேலை இணையத்திலும் ‘விற்றுவிட்டது’ என்று மாறுவது, காசெல்லாம் இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் போகிறது. முகப்பின் அழகுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். இந்த வசதிகள் வேண்டாம் என்றால் 12,000-மும் வேண்டாம்.

கிள்ளானில் லாரி சர்வீஸ். எங்கள் தளத்தைச் செய்தவர் ஃபோனை எடுப்பதில்லை. தளத்தின் முகவரியான டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான் ஐயா.

முதலில், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். டாட் எம்ஒய் (.my) என்று முடியும் பெயர்களை மைநிக் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது, அவர்கள் தளத்திலேயே தேடலாம். டாட் காம் டாட் எம்ஒய் என்றால் பதிவு செய்யும்போதே எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு கேட்டிருப்பார்கள். அதனால் உரிமையாளர் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தொடர்பு மின்னஞ்சல் மட்டும் அவருடையது என்றால், எஸ்எஸ்எம் ஆவணங்களோடு டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்தை அணுகி மாற்றக் கேட்கலாம். உரிமையாளரே அவர் என்றால் சிக்கல் பெரிது. வாடிக்கையாளருக்கு லாரியில் ஒட்டியிருக்கும் முகவரிதான் தெரியும், அதை விட்டுக்கொடுத்தால் எல்லாம் புதிதாக ஒட்ட வேண்டும்.

அடுத்தது ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம். அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும். செய்து தருபவருக்குத் தனி உள்நுழைவு கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.

மூன்றாவது உரிமை. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, வெளியாளிடம் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை செய்யச் சொன்னவருக்கே சேரும். அந்த ‘வேறு மாதிரி’யைத்தான் சிலர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வைப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். தீம் (ஆயத்தத் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) போல அவர்கள் வெளியில் வாங்கிச் சேர்த்தவை இதில் வராது, அவற்றின் லைசென்ஸ் யார் பெயரில் என்று தனியாகக் கேளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

உங்களைப் பொறுத்தது. டிசைனும் கோடிங்கும் தேதி சொன்னால் பெரும்பாலும் தேதிக்கு முடியும். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நாலு வரியும், கடையின் நல்ல படங்களும் வந்து சேரத்தான் மாதக் கணக்கில் இழுக்கும். அதையும் தளம் செய்து தருபவரே எழுதிப் படம் எடுக்க வேண்டுமா என்று ஆரம்பத்திலேயே பேசி விலையில் சேர்த்துவிடுங்கள்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூஜைப் பொருள் கடை. தமிழ்ப் பக்கத்தில் எழுத்து சிதைகிறது. டிசைனருக்குத் தமிழ் தெரியாது.

பழைய துண்டறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டினீர்களா? எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்திய ஃபாண்ட்களில் தட்டச்சு செய்தது இணையத்தில் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

அது சரியாக இருந்தும் அசிங்கமாகத் தெரிந்தால் டிசைனரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு ஃபாண்டைத் தளத்தோடு சேர்க்கட்டும், பார்ப்பவரின் ஃபோனில் இருப்பதை நம்ப வேண்டாம். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தை விடக் கூடுதல் இடம் விடட்டும், நம் எழுத்தில் மேலே சுழியும் கீழே காலும் உண்டு. எழுத்துகளை விலக்கி வைக்கும் ஸ்டைல் தமிழில் வேண்டவே வேண்டாம், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பது போலத் தெரியும். அப்புறம் பட்டன்கள்: ஆங்கிலத்தில் ‘பை’ (Buy) என்று முடிவது தமிழில் ‘வாங்குங்கள்’ ஆகிறது. அந்த நீளத்தை வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். டிசைனைத் தமிழ்ச் சொற்களோடு காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சரி சொல்லிவிட்டுப் பின்னால் மொழிபெயர்த்தால் உடையும்.

இணையத்தில் காசு வாங்க எஃப்பிஎக்ஸ் போதுமா, கார்டும் வேண்டுமா?

உள்ளூர் வாடிக்கையாளர் என்றால் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டுவது), டுயிட்நவ் க்யூஆர் (ஸ்கேன் செய்து கட்டுவது) போதும். எஃப்பிஎக்ஸில் பொதுவாக ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று கட்டணம், கார்டில் தொகையில் சதவீதம். பெரிய பில் போடும் நகைக்கடைக்கு இந்த வித்தியாசம் சும்மா இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் வந்தால் கார்டு வேண்டும். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவைக்கான விண்ணப்பத்தை டிசைன் நடக்கும்போதே போடுங்கள், எஸ்எஸ்எம் பதிவும் நிறுவன வங்கிக் கணக்கும் கேட்பார்கள். மின் வணிக விதிமுறைகளின்படி நிறுவனப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, பொருள் வந்து சேரும் உத்தேச காலம் எல்லாம் தளத்தில் தெரிய வேண்டும்.

பெட்டாலிங் ஜெயாவில் கிளினிக். அப்பாயின்ட்மென்ட் படிவத்தில் ஐசி (அடையாள அட்டை) எண் கேட்கலாமா?

பெயர், ஃபோன், நேரம் போதும் டாக்டர். ஐசியைக் கவுண்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிச் சேமித்ததையெல்லாம் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் அறிவிப்பு (விவரங்களை எதற்கு வாங்குகிறீர்கள் என்பது) மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் போடலாம், ஆனால் தமிழில் மட்டும் போட முடியாது.

கூகளில் முதல் இடம் உத்தரவாதம் என்கிறாரே?

வேறு ஆளைப் பாருங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகளே சொல்கிறது.

வேர்ட்பிரஸ்ஸில் செய்கிறோம். தளம் முடிந்த பிறகும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் ஏன்?

வேர்ட்பிரஸ் தளத்தை இயக்கும் மென்பொருள். அதுவும் அதன் பிளகின்களும் அடிக்கடி புதுப்பிக்கப்படும். புதுப்பிக்காமல் விட்ட பிளகின் வழியாகத்தான் பல தளங்களில் சூதாட்ட விளம்பரம் புகுந்துவிடுகிறது. அதனால் கட்டணம் நியாயம்தான். ஆனால் எதற்கு என்று பட்டியல் கேளுங்கள்: புதுப்பிப்பு, பேக்கப் (தளத்தின் காப்பு நகல்), தளம் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார். பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப்பே இல்லை. அதிலிருந்து ஒரு முறை தளத்தை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள், பார்த்த பிறகு காசு கட்டுங்கள்.