பொண்ணு செல்போன் கேக்குறா, குடுக்கலாமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் போன் இருக்கு, எனக்கு மட்டும் இல்லன்னு தினமும் அழுகை. தனியா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: "எல்லார்கிட்டயும்"னு சொல்றத அப்படியே நம்பிடாதீங்க, நாலு பேர்கிட்ட இருந்தாலே பசங்களுக்கு அது எல்லாரும்தான். கிளாஸ் முடிஞ்சதும் கூப்பிடணும், லேட்டானா சொல்லணும்னா ஒரு பட்டன் போன் போதுங்க, பேசலாம், மெசேஜ் அனுப்பலாம், வேற வம்பு இல்ல. ஸ்மார்ட்போன்தான் வேணும்னு அடம் புடிச்சா இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்க, இன்ஸ்டாகிராம்ல அக்கவுண்ட் தொடங்கவே 13 வயசு ஆகணும், பொய் வயசு போட்டு நீங்களே ஓப்பன் பண்ணிக் குடுக்குற வேலை மட்டும் வேணாம் (அப்படிப் பண்ற அப்பா அம்மாவும் இருக்காங்க!).

எப்ப குடுத்தாலும் சரி, ஆண்ட்ராய்டு போன்னா ஃபேமிலி லிங்க்னு கூகுளோட ஆப் ஒண்ணு இருக்கு, அதப் போட்டுருங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்தெந்த ஆப்னு நீங்க முடிவு பண்ணலாம், நைட்டு தானா லாக் ஆகுற மாதிரியும் வைக்கலாம். ஆனா ரகசியமா வேவு பாக்காதீங்க, அவகிட்ட சொல்லிட்டே போடுங்க, இல்லன்னா கண்டுபிடிக்கிற அன்னிக்குப் பெரிய சண்டைதான். அப்புறம் நைட்டு சார்ஜ் போடுறது ஹால்லதான், உங்க போனும் சேத்துதான்.