ஷூவுக்குள் இருந்த தாள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. தொழில்முறை கால்பந்து கிளப் ஒன்றின் இளையோர் அணியில் கோல்கீப்பர். உடற்தகுதிச் சோதனையில் யோ-யோ ஓட்டத்தில் அணியிலேயே கடைசி. முதல் டிவிஷன் வீரர்களின் அளவுகளை எடுத்துக் காட்டினேன். இவன் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த முறை ரிசல்ட் தாளை ஷூவுக்குள் மடித்து வைத்திருந்தான், நான்தான் தேடி எடுத்தேன். விடியற்காலையில் எழுப்பி தினமும் 10 கிலோமீட்டர் ஓட வைக்கிறேன். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: ஷூவுக்குள் என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. வியர்வை நாறும் ஷூவுக்குள் கையை விட மாட்டார் அப்பா என்று நம்பி ஒரு பிள்ளை தாளைச் செருகியிருக்கிறான். நீங்கள் அங்கேயும் கையை விட்டிருக்கிறீர்கள். வழிக்கு வர வேண்டியது யார்?

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன், அதிலும் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். யோ-யோவில் 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி, 10 நொடி மூச்சு வாங்கி, மறுபடி ஓட வேண்டும். ஓட்டத்துக்கு நேரம் சொல்லும் பீப் சத்தம் வர வர வேகமாகும். ஒரு ஆட்டத்தில் 11 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிற மிட்ஃபீல்டருக்கு அந்தத் திறன்தான் பிழைப்பு. கோல்கீப்பர் அதே 90 நிமிடத்தில் சுமார் 5 கிலோமீட்டர்தான் நகர்கிறார், அதிலும் பெரும்பகுதி நடை. மூச்சுத் திறனில் கோல்கீப்பர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பது பெரிய அணிகளிலும் வழக்கம்தான். அவர்களிடம் பார்க்க வேண்டியது, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறார்கள், முதல் சில மீட்டரை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாய்கிறார்களா என்பதை. எம்பிக் குதித்த அளவும் அந்தத் தாளில் இருந்திருக்குமே? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள். அணிப் பயிற்சிக்கு மேல் தினமும் 10 கிலோமீட்டர் என்றால் கால் களைத்து அந்தத் துள்ளல்தான் முதலில் மங்கும்.

அப்புறம் முதல் டிவிஷன் கணக்கு. அவை வளர்ந்து முடிந்த ஆண்களின் எண்கள். அவர்களிலேயே முதல் டிவிஷன்காரரையும் இரண்டாம் டிவிஷன்காரரையும் இந்தச் சோதனைகளை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. பந்து வரும் திசையை முன்கூட்டியே படிக்கிற கண்ணை எந்த பீப்பும் அளப்பதில்லை.

மைதானத்தில் அவனை அளக்க ஆட்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் வேலை. பெற்றவர் வேலை, அளந்து முடித்து வீடு திரும்புகிறவனிடம் சாப்பிட்டாயா, வலி ஏதும் இருக்கிறதா என்று கேட்பது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இன்று தாளை மறைப்பவன் நாளை முழங்கால் வலியையும் உங்களிடம் மறைப்பான். அந்த வலியோடு பாய்வான். அப்போது எந்த ஷூவுக்குள் தேடுவீர்கள்?

தாள் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது? இன்று இரவே அவன் கையில் கொடுங்கள். தேடி எடுத்தது தப்பு என்று சொல்லுங்கள், கூடவே காரணம் சொல்லாதீர்கள். எவ்வளவு உயரம் குதித்தாய் என்று கேளுங்கள். நாளைக் காலை அவனை எழுப்பாதீர்கள்.