வைரஸ் ஒண்ணுதான், ஊருக்கு ஊரு சாவுக் கணக்கு ஏன் மாறுது?

போன இதழ்ல 1918 ஃப்ளூ பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி கேட்டிருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன், மீதிக்கு இடம் இருக்கிற அளவுக்குப் பதில்.

கேள்வி: கொரோனாவுல வயசானவங்கதான் அதிகமா போனாங்க. ஆனா 1918-ல இருபது, முப்பது வயசுக்காரங்க கொத்துக் கொத்தா செத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எப்படி சார் அது? (வாசகர், திருப்பூர்)

பதில்: சாதாரண ஃப்ளூவுல கைக்குழந்தைங்களும் தாத்தா பாட்டிங்களும்தான் அதிகமா சாவாங்க, நடுவுல இருக்கிறவங்க ரெண்டு நாள் படுத்துட்டு எந்திரிச்சிடுவாங்க. வயசு வாரியா சாவைக் கோடு போட்டுப் பார்த்தா இங்கிலீஷ் 'யூ' எழுத்து மாதிரி ரெண்டு ஓரமும் உசந்து இருக்கும். 1918-ல அந்தக் கோடு 'டபிள்யூ' மாதிரி ஆயிடுச்சு, நடுவுல 20-லேர்ந்து 40 வயசு வரைக்கும் இன்னொரு மேடு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. வயசானவங்க சின்னப் பிள்ளைல இதே மாதிரி ஒரு ஃப்ளூவைப் பார்த்திருப்பாங்க, அந்த எதிர்ப்பு சக்தி உள்ளயே இருந்து காப்பாத்திச்சுன்னு ஒரு கட்சி. வாலிப உடம்போட எதிர்ப்பு சக்தியே ஓவரா ரியாக்ட் பண்ணி நுரையீரல்ல நீர் கோத்துடுச்சுன்னு இன்னொரு கட்சி. எதுவா இருந்தாலும் ஃப்ளூவுக்குப் பின்னாடியே பாக்டீரியா நிமோனியா வந்து உட்கார்ந்தா அன்னிக்குக் கொடுக்க மருந்து கிடையாது, பென்சிலினைக் கண்டுபிடிச்சதே 1928-லதான்.

கொரோனா இதுக்கு நேர் எதிர், வயசு ஏற ஏற ஆபத்து கூடிக்கிட்டே போச்சு. தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி, பெரும்பாலும் பணக்கார நாடுகள்ல எடுத்த கணக்குப்படி தொத்தின 25 வயசுக்காரங்கள்ல பத்தாயிரத்துக்கு ஒருத்தர் போனா, 55 வயசுல 250-க்கு ஒருத்தர், 65-ல எழுபதுக்கு ஒருத்தர், 85-ல ஏழு பேருக்கு ஒருத்தர். 'கொரோனாவுல சாவு ஒரு பர்சென்ட்தானே'ன்னு பேசறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல்தான் வரும். யாருக்கு ஒரு பர்சென்ட்? பேரனுக்கா, தாத்தாவுக்கா?

கேள்வி: 1918-ல பம்பாய் பத்தியே எல்லாரும் பேசறாங்களே, நம்ம மெட்ராஸ் தப்பிச்சிடுச்சா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தப்பிக்கலம்மா, ஆனா பம்பாய் பட்ட பாட்டைப் படல. 1918 ஜூன்ல பம்பாய் துறைமுகத்துல காவலுக்கு நின்ன போலீஸ் சிப்பாய்ங்க காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில படுத்தாங்க, முதல் அலை ஆரம்பிச்சது அங்கதான். முதல் உலகப்போர் நேரம், கப்பல் வந்து போய்க்கிட்டே இருக்கு. அந்த அலை ஓரளவு சாதுவா போயிடுச்சு, செப்டம்பர்ல வந்த ரெண்டாவது அலைதான் எமன். அக்டோபர் 6-ம் தேதி ஒரே நாள்ல அந்த ஊர்ல மட்டும் 768 பேர். அங்கிருந்து ரயில் ஏறி உள்நாட்டுக்குப் போச்சு. மேற்கேயும் நடு இந்தியாவுலயும் அடிச்ச அடி, தெற்கேயும் கிழக்கேயும் வரவர குறைஞ்சிது. போதாக்குறைக்கு அந்த வருஷம் மழையும் பொய்ச்சிடுச்சு, தானியம் விலை ஏறிடுச்சு, பசியில கிடந்த உடம்புல காய்ச்சலும் சேர்ந்தா என்ன ஆகும்? இந்தியா முழுக்க செத்தது ஒரு கோடியே இருபது லட்சத்துலேர்ந்து ரெண்டு கோடி வரைக்கும்னு ஆளுக்கொரு மதிப்பீடு சொல்றாங்க. 1911-லேர்ந்து 1921 வரைக்குமான பத்து வருஷத்துல மட்டும்தான் நம்ம நாட்டோட ஜனத்தொகை ஏறாம இறங்கியிருக்கு, அதுக்கு முக்கியமான காரணம் இந்த ஃப்ளூ. இந்தியாவுல பொம்பளைங்கதான் அதிகமா செத்தாங்கங்கறது இன்னொரு விஷயம், கடைசியா சாப்பிட்டு, நோயாளிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டது அவங்கதானே.

ஊருக்கு ஊரு வித்தியாசம்னு கேட்டீங்க, ஒரே ஊருக்குள்ள இருந்த வித்தியாசத்தைப் பாருங்க. பம்பாய்ல ஆயிரம் பேருக்கு இத்தனை பேர்னு சமூகவாரியா கணக்கு இருக்கு: ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, முஸ்லிம்கள் 19.2, தாழ்ந்த ஜாதின்னு அன்னிக்கு எழுதி வச்சாங்களே அந்த ஜனங்க 61.6. ஒரே கடற்கரை, ஒரே வைரஸ், ஏழு மடங்கு வித்தியாசம். நூறு வருஷம் கழிச்சு 2020 ஜூலைல அதே ஊர்ல மூணு வார்டுல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, குடிசைப் பகுதியில 57 சதவீதம் பேருக்கு கொரோனா வந்து போயிருந்தது, வெளிய 16 சதவீதம். பொதுக் கக்கூஸுக்கு வரிசையில நிக்கிறவங்ககிட்ட போய் ஆறடி தள்ளி நில்லுன்னு சொன்னா அவங்க எங்க போய் நிப்பாங்க?

கேள்வி: லாக்டவுன் எல்லாம் வேஸ்ட், வர்றது வந்தே தீரும்னு என் மச்சான் வாதம் பண்றான். நாலு வார்த்தை சொல்லுங்க. (வாசகர், கோவை)

பதில்: நாலு வார்த்தைல முடியாது, மச்சானையும் பக்கத்துல உட்கார வச்சுப் படிச்சுக் காட்டுங்க. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா, செயின்ட் லூயிஸ்னு ரெண்டு ஊரு. 1918 செப்டம்பர் 28-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவுல போர் நிதிக்காக பெரிய ஊர்வலம், ரெண்டு லட்சம் பேர் திரண்டாங்க, ஃப்ளூ ஊருக்குள்ள வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சுன்னு தெரிஞ்சும் நிறுத்தல. ஸ்கூல், தியேட்டர் எல்லாம் மூட அக்டோபர் 3 ஆயிடுச்சு. செயின்ட் லூயிஸ்ல அக்டோபர் 5 வாக்குல முதல் கேஸ் தெரிஞ்சிது, 7-ம் தேதியே சுகாதார கமிஷனர் மேக்ஸ் ஸ்டார்க்ளாஃப் மூட ஆரம்பிச்சிட்டார். ஃபிலடெல்ஃபியாவோட மோசமான வாரத்துல ஒரு லட்சம் பேருக்கு 257 சாவு, செயின்ட் லூயிஸோட முதல் உச்சத்துல 31. வைரஸ் அதேதான், ரெண்டு வாரம் முந்தினதுதான் வித்தியாசம்.

ஆனா மச்சான் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. செயின்ட் லூயிஸ் நவம்பர்ல கட்டுப்பாட்டைத் தளர்த்தினதும் மறுபடி சாவு ஏறிச்சு, அந்த வருஷக் கடைசியில மொத்தமா கூட்டிப் பார்த்தா ஃபிலடெல்ஃபியாவுல ஏறக்குறைய பாதிதான்னு ஆச்சு, உச்சத்துல தெரிஞ்ச மாதிரி எட்டுல ஒண்ணு இல்ல. மூடறது வைரஸை விரட்டாது, எல்லாரும் ஒரே வாரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்காம பார்த்துக்கும், அவ்ளோதான். முழுசா தப்பிச்ச இடமும் ஒண்ணு உண்டு, பசிபிக் கடல்ல இருக்கிற அமெரிக்க சமோவா. நியூசிலாந்து கையில இருந்த மேற்கு சமோவாவுல ஆக்லாந்துலேர்ந்து வந்த டலூன்ங்கற கப்பலை நவம்பர் 7-ம் தேதி இறங்க விட்டாங்க, ஜனத்தொகையில அஞ்சுல ஒருத்தருக்கு மேல போயிட்டாங்க. பக்கத்துலயே இருந்த அமெரிக்க சமோவாவுல கவர்னர் ஜான் போயர் கப்பலைக் கிட்ட சேர்க்கல, ஃப்ளூ சாவு ஒண்ணு கூட இல்ல. ஆனா அது தீவு. கோயம்பேட்டை அப்படியா பூட்ட முடியும்? 2020 மே 5-ம் தேதி பூட்டினோம்தான், அதுக்குள்ள லாரியோட லாரியா வைரஸ் பல மாவட்டம் போய்ச் சேர்ந்தாச்சு.

கேள்வி: 2020-ல நான் இங்க வெளிநாட்டுத் தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரியில இருந்தேன். எங்க பிளாக்ல முக்கால்வாசிப் பேருக்கு பாசிட்டிவ், ஆனா யாரும் சாகல. எங்களுக்கு வந்தது வேற வைரஸா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அதே வைரஸ்தான் தம்பி, உங்க வயசுதான் காப்பாத்திச்சு. 2020 டிசம்பர்ல அரசாங்கமே சொன்ன கணக்குப்படி டார்மிட்டரியில இருந்த மூணு லட்சத்துச் சொச்சம் பேர்ல 47 சதவீதம் பேருக்கு வந்து போயிருந்தது. ஆனா அந்த வருஷம் முழுக்க சிங்கப்பூர்ல மொத்த சாவு 29. டார்மிட்டரியில முக்கால்வாசி இளவட்டம், போதாததுக்கு வேலைக்கு எடுக்கும்போதே மெடிக்கல் பார்த்துத்தான் எடுக்கிறாங்க. இதையே இத்தாலியோட பெர்காமோவுக்குக் கொண்டு போய் வைங்க, வயசானவங்க நிறைஞ்ச மாகாணம், 2020 மார்ச்ல சவப்பெட்டியை ஏத்திக்கிட்டு ராணுவ லாரி வரிசையா போன படத்தை உலகமே பார்த்துச்சு. அதுக்காக உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு ரூம்ல அத்தனை பேரை மாசக்கணக்கா அடைச்சு வச்சது எந்த சாவுக் கணக்குலயும் வராது.

கேள்வி: 2021-ல கேரளாவுல கேஸ் குறையவே இல்லையே, அவங்க கோட்டை விட்டுட்டாங்களா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: அந்த வருஷம் ஜூன்-ஜூலைல நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனை சர்வேல, நோய் தொத்தினாலோ ஊசி போட்டாலோ உண்டாகிற எதிர்ப்புப் பொருள் இருந்தவங்க கேரளாவுல 44 சதவீதம், தமிழ்நாட்டுல 69, மத்தியப் பிரதேசத்துல 79. அதாவது அங்க இன்னும் தொத்தாத ஆளுங்க நிறைய பாக்கி இருந்தாங்க, டெஸ்ட்டும் விடாம எடுத்தாங்க, அதனால கேஸ் வந்துக்கிட்டே இருந்தது. வயசானவங்க விகிதம் நாட்டுலயே அதிகமா இருக்கிற மாநிலத்துக்கு இந்த மெதுவான ஓட்டம் நல்லதுதான்.

கேள்வி: வயசானவங்களுக்குத்தான் ஆபத்துன்னா 2021 மே மாசம் எங்க தெருவுல நாப்பது வயசுக்காரங்களா போனாங்களே? (வாசகி, சேலம்)

பதில்: உங்க வருத்தம் புரியுது. முதல்ல, நான் மேல சொன்ன வயசுக் கணக்கு பணக்கார நாட்டோடது. 2020-ல தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டுலயும் 85,000 நோயாளிங்க, அவங்களோட பழகின அஞ்சே முக்கால் லட்சம் பேர்னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது, அதுல சாவு அதிகமா குவிஞ்சது 50-லேர்ந்து 64 வரைக்கும். சுகர், பிபி இங்க சீக்கிரமே வந்துடுது. ஆஸ்பத்திரியில சேர்ந்து செத்தவங்கள்ல பாதிப்பேர் அஞ்சு நாளுக்குள்ள போயிருக்காங்க, அவ்ளோ முத்தின பிறகு வந்திருக்காங்க. அடுத்தது ஊசி. மார்ச்ல அறுபது தாண்டினவங்களுக்கும் வியாதி இருந்த 45 தாண்டினவங்களுக்கும், ஏப்ரல்ல 45 தாண்டின எல்லாருக்கும், பதினெட்டுக்கு மேல மே மாசம்தான். டெல்டாங்கற புது ரக கொரோனா வந்தப்போ வேலைக்குப் போயே ஆகணும்னு இருந்த நாப்பது வயசுக்காரர் கையில ஊசி இல்ல, ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் பெட் இல்ல. பெட் கிடைச்சா பிழைக்கிற வயசுதான் அது, அதனாலதான் பெட் இல்லாத ஊர்ல அவங்க சாவு அதிகமாத் தெரிஞ்சிது.

கேள்வி: பிள்ளைங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னா ஸ்கூலை ஏன் அவ்ளோ நாள் மூடினாங்க? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பிள்ளைங்களுக்கு லேசா வந்து போகும்ங்கறது நிஜம், வராதுங்கறது பொய். அதே 2021 சர்வேல ஆறுலேர்ந்து ஒன்பது வயசுக்குள்ள 57 சதவீதம் பேருக்கு ஏற்கனவே வந்து போயிருந்தது, ஸ்கூல் மூடியிருந்தப்பவே. நம்ம வீட்டுல பேத்தியும் பாட்டியும் ஒரே பாயில படுக்கிறாங்க, அதனால முதல் வருஷம் மூடினதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பாட்டிக்கு ஊசி போட்ட பிறகும் இழுத்தது அதிகம்தான். தமிழ்நாட்டுல ஒன்பதாவதுலேர்ந்து மேல 2021 செப்டம்பர்ல மறுபடி திறந்தாங்க, எழுத்துக் கத்துக்கிற ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்க நவம்பர் வரைக்கும் காத்திருந்தாங்க. ஆபத்து குறைச்சலா இருந்த வகுப்பு கடைசியில திறந்தது எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல. 'இல்லம் தேடிக் கல்வி'ன்னு சாயங்கால வகுப்பு ஆரம்பிக்க வேண்டி வந்ததே இந்த ஒன்றரை வருஷ இடைவெளியாலதான்.