இருட்டில் பரணுக்குப் போவதும் திரும்புவதும்

கேள்வி: பென்சில்வேனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் எனக்கு இது இரண்டாவது மான் சீசன். மக்காச்சோளம் அறுத்த வயலின் ஓரத்தில் 15 அடி ஏணிப் பரண் போட்டிருக்கிறேன். பரணுக்குப் பின்னால் காட்டு மேடு. விடியுமுன் வயலைக் கடந்து போகும்போதே இருட்டில் மான்கள் ‘புஸ்’ என்று மூக்கால் ஊதிவிட்டு ஓடிவிடுகின்றன. சாயங்காலம் சுடும் நேரம் முடிந்த பிறகும் ஏழெட்டு மான்கள் பரணுக்கு முன்னால் மேய்கின்றன. இறங்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? டார்ச் அடிக்கலாமா? சத்தமில்லாமல் வந்து போக ஏதாவது வழி உண்டா?

பதில்: நேரம், டார்ச் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பரண் நல்ல இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது சாயங்காலப் பரண். அதில் காலையில் போய் உட்காரப் பார்ப்பதால்தான் இத்தனை சிரமமும்.

வெள்ளைவால் மானின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். இருட்டியதும் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கி வயலுக்கு வரும். இரவு முழுக்க மேயும், நடுநடுவே அங்கேயே படுத்து அசைபோடும். விடியும் கருக்கலில் மேட்டுக்குத் திரும்பி, பகலில் அங்கே படுத்துக்கொள்ளும். காலை ஐந்தரை மணிக்கு நீங்கள் வயலில் கால் வைக்கும்போது மான்கள் அங்கேதான் நிற்கின்றன. உங்களுக்குக் கேட்ட அந்த ‘புஸ்’ ஒரு மானுடையதுதான். ஆனால் அது மற்ற எல்லா மான்களுக்கும் எச்சரிக்கை. இரண்டு மூன்று முறை அப்படி நடந்துவிட்டால், அந்தக் கூட்டத்தை வழிநடத்தும் வயதான பெண்மான் அந்த மூலையையே ஒதுக்கிவிடும். நீங்கள் வந்து போகும் வழியைத்தான் அது கற்றுக்கொள்கிறது.

எனவே காலைக்கு இன்னொரு பரண் வேண்டும். மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, மான்கள் வயலிலிருந்து ஏறி வரும் தடத்துக்கு மேலாகப் போடுங்கள். அவை வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கு மிக நெருங்கிவிடக் கூடாது. வயல் பக்கமிருந்து அந்தப் பரணுக்குப் போகவே கூடாது, மேட்டின் மறுபக்கமாகச் சுற்றி ஏறுங்கள். அரை மைல் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து நிலத்து வழியாக அதற்கு அனுமதி வேண்டியிருந்தால் கோடையிலேயே நேரில் போய்க் கேளுங்கள். வேட்டைக்கு இடம் கேட்டால் தயங்குபவர்கள்கூட நடந்து போக மட்டும் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மறுபக்கமாக ஏறச் சொல்வதற்குக் காற்றும் ஒரு காரணம். பலமான காற்று அடிக்காத நாட்களில், சூரியன் வரும் முன் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழ்நோக்கி வழியும். தண்ணீர் எப்படி ஓடுமோ அப்படித்தான், பள்ளம் பார்த்து ஓடும். நீங்கள் மேட்டின் மறுபக்கத்தில் ஏறும்போது உங்கள் வாசனை மறுபக்கத்திலேயே கீழே போய்விடும், மான்கள் இருக்கும் பக்கம் வராது. வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் மான்கள் உங்களுக்குக் கீழே இருந்து ஏறி வந்துகொண்டிருக்கும், வாசனை உங்கள் தலைக்கு மேலே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே, காற்று இன்னும் திரும்பாத சிறிது நேரம்தான் ஆபத்தானது. அந்த நேரத்தில் கீழே ஒரு மான் நின்றால் ஒன்றும் செய்வதற்கில்லை, அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றைக் கண்ணால் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் வயலோரம் மில்க்வீட் காய்கள் வெடித்து நிற்கும். நம்மூர் எருக்குக்கு அது சொந்தக்காரச் செடி, காய்க்குள் அதே பட்டுப் பஞ்சு. நாலைந்து காய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பரணில் இருந்து ஒரு இழையை விட்டால் முப்பது, நாற்பது கஜத்துக்கு அது மிதந்து போவது தெரியும். எங்கே சாய்கிறது, எங்கே சுழல்கிறது, எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். கடையில் விற்கும் பொடி டப்பா கைக்குப் பக்கத்தில் மட்டும்தான் காட்டும். இந்தப் பஞ்சு மான் நிற்கும் இடம்வரை காட்டிவிடும்.

இப்போது டார்ச். போடலாம், போடவும் வேண்டும். விளக்கில்லாமல் நடந்தால் மான் பயப்படாது என்று நினைத்து வேறொரு வேட்டைக்காரரின் முன்னால் இருட்டு உருவமாக நிற்காதீர்கள். மனிதன் வருகிறான் என்று அவருக்குத் தெரிவிப்பது அந்த வெளிச்சம்தான். வெளிச்சத்தின் நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. மானின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். ஒன்று நீலத்துக்கு, மற்றது பச்சையும் மஞ்சளும் சேரும் பகுதிக்கு. சிவப்புக்கென்று தனி வகை கிடையாது, அதனால் சிவப்பு அதற்கு மிக மங்கலாகத்தான் தெரியும். பச்சை விளக்கு மானுக்குத் தெரியாது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். மானின் கண் நன்றாக உணரும் நிறங்களில் பச்சையும் ஒன்று. ஆகவே சிவப்பு விளக்கு, குறைந்த வெளிச்சம், காலடியில் மட்டும் படும்படி. சிவப்பில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். வெள்ளை வெளிச்சத்தை ஒரு முறை பார்த்தால் அது கெட்டுப்போகும், மங்கலான சிவப்பில் அவ்வளவாகக் கெடாது. ஓடையைத் தாண்டும்போது, கல்லில் ஏறும்போது மட்டும் வெள்ளை விளக்கைப் போடுங்கள், கால் பிசகுவதைவிட அது மேல். அப்புறம், துப்பாக்கியோ வில்லோ கையில் வைத்துக்கொண்டு வயலில் விளக்கை வீசி மான் தேடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். ஆர்வத்தில் ஒரு முறை வீசிப் பார்த்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

துப்பாக்கி சீசனில் பென்சில்வேனியா சட்டப்படி தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். சிலர் பரணில் ஏறிய பிறகுதான் ஆரஞ்சு வெஸ்ட்டை எடுத்து மாட்டுகிறார்கள். நடக்கும்போதே போட்டிருங்கள். ஆரஞ்சு மானுக்கு உறுத்தாது, அது பயப்படுவது உங்கள் அசைவைப் பார்த்துத்தான். இருட்டில் எதிரே வேறொருவர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், விசிலும் அடிக்காதீர்கள். வாயைத் திறந்து உரக்கப் பேசுங்கள். மனிதக் குரல் என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

நேரத்துக்கு வருகிறேன். உங்கள் மாநிலத்தில் மான் சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன் தொடங்கி, மறைந்து அரை மணிக்குப் பின் முடிகிறது. மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷன் வெளியிடும் அட்டவணையில் உங்கள் பகுதிக்கான நேரத்தைப் பாருங்கள். சூரிய உதயம் 7:10 என்று வைத்துக்கொள்வோம். 6:40-க்குச் சுடலாம். 6:10-க்குள் நீங்கள் பரணில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறி, கட்டி, பையைத் தொங்கவிட இருபது நிமிடம். முக்கால் மைல் நடக்க முக்கால் மணி நேரம் கொடுங்கள். ஆக ஐந்து மணிக்கு வண்டியை விட்டு இறங்க வேண்டும். அதிகம் என்று தோன்றும். ஆனால் அவசரமாக நடந்தால் வியர்க்கும். வியர்வை நாற்றமும் அடிக்கும், ஏழு மணிக்கு அதே ஈரம் குளிரில் உங்களை நடுங்க வைத்து இறக்கியும் விடும். தடித்த ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு, லேசாகக் குளிர்கிற உடையில் நடங்கள். மேலே போய் மூச்சு அடங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். நவம்பர் முதல் ஞாயிறு அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதை மறந்துவிடாதீர்கள்.

நடையில் தாளம் இருக்கக் கூடாது. ‘சரக், சரக், சரக்’ என்று ஒரே சீராகச் சருகு மிதிபட்டால் அது இரண்டு காலால் நடக்கும் பிராணி. நாலு அடி வைத்து நில்லுங்கள். ஆறு அடி வைத்துக் கொஞ்சம் அதிகமாக நில்லுங்கள். அதைவிடப் பலன் தருவது, பரணுக்கு முந்தைய கடைசி நூறு கஜத்தைச் சீசனுக்கு முன்பே பகலில் போய் வாரிவிடுவது. புல்வாரியால் சருகை ஒதுக்கி ஒரு அடி அகலத்துக்கு மண் தெரிந்தால் போதும், பூனை மாதிரிப் போகலாம். முகத்தில் அடிக்கும் கிளைகளையும் அன்றே நறுக்குங்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் சின்னக் குண்டூசிகளை மரத்தில் குத்திக்கொண்டு போனால் சிவப்பு வெளிச்சத்திலும் மின்னும். பாதை வளையும் இடத்தில் மட்டும் இரண்டு ஊசி. இது நண்பரின் நிலத்துக்கு. பொது நிலத்தில் மரத்தில் எதையும் குத்தும் முன் விதியைப் பாருங்கள். போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, போனை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

ஏணி. இதில்தான் உங்களைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். வேட்டைக்காரர்கள் அடிபடுவதில் பரணிலிருந்து விழுவது முக்கியமான காரணம், அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவது அதிகம். சில வருடங்களுக்கு முன் ஒரு விடிகாலை, ஏணியின் ஒன்பதாவது படியில் மெல்லிய உறைபனி படிந்திருந்தது. ரப்பர் பூட்ஸ் வழுக்கியது. விழாமல் பிடித்துக்கொள்ளும் உடல் பட்டையான ஹார்னஸை மாட்டியிருந்தேன், ஆனால் மேலே போய்க் கொக்கியைப் பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இரண்டு கையில் தொங்கிக்கொண்டு காலால் படியைத் தேடிய அந்தச் சில நொடிகளில் எனக்கு மான், சீசன் எதுவும் நினைவில் இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து உயிர்க்கயிறு இல்லாமல் தரையை விட்டுக் கால் எடுப்பதில்லை. பரணுக்கு மேலே மரத்தில் கட்டித் தரைவரை தொங்கும் கயிறு அது. அதில் புருசிக் முடிச்சு ஒன்று இருக்கும். முழு உடல் ஹார்னஸை அதில் பூட்டி, ஏற ஏற முடிச்சைக் கையால் தள்ளிக்கொண்டே போகலாம். விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். கால் தரையில் இருக்கும்போதே பூட்டுங்கள், கால் தரையில் பட்ட பிறகே கழற்றுங்கள். தொங்கும்படி ஆனால் தொடைப் பட்டை இரத்த ஓட்டத்தை அமுக்கும், அது உயிருக்கே ஆபத்து. ஹார்னஸோடு வரும் கால் வைக்கும் பட்டையைக் கைக்கு எட்டும் பையில் வையுங்கள். துப்பாக்கியை ஏணியில் சுமக்காதீர்கள். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, அறை திறந்து, குழல் கீழே பார்க்கும்படி கட்டி, மேலே உட்கார்ந்து பூட்டிக்கொண்ட பிறகு கயிற்றால் இழுங்கள். இறங்கும்போதும் முதலில் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கயிற்றால் இறக்கிய பிறகே நீங்கள் இறங்குங்கள்.

சாயங்காலம் முன்னால் மேயும் அந்த ஏழெட்டு மான்களுக்கு வருவோம். அவற்றின் கண் முன்னால் இறங்கினால் மறுநாள் அந்தப் பரண் பாதி செத்த மாதிரி. நான் செய்வது இது. சுடும் நேரம் முடிந்ததும் துப்பாக்கியை வெறுமையாக்கிவிட்டு, பண்ணையில் இருப்பவருக்கு ஒரு குறுஞ்செய்தி. அவர் தினமும் ஓட்டும் வண்டியில், வழக்கமான வேகத்தில், வயலின் ஓரமாக வருவார். மான்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். வால் பாதிதான் எழும்பும், முழுதாக விரிந்து வெள்ளைக் கொடி ஆகாது. பிறகு துள்ளாமல் காட்டுக்குள் நடந்துவிடும். பண்ணை வண்டி அவற்றுக்கு அன்றாடம் பார்த்த பொருள். விரட்டக் கூடாது, அவற்றின் மேல் விளக்கைத் திருப்பவும் கூடாது. இறங்கி வண்டியில் ஏறிப் போய்விட்டால் பரணில் ஆள் இருந்ததை அவை அறியவே அறியா.

வண்டிக்கு ஆள் இல்லையா? அப்போது பரணையே நகர்த்த வேண்டியிருக்கும். வயலின் ஓரத்தில் எங்காவது ஓடையோ வடிகால் பள்ளமோ இருக்குமே, அந்த மூலைக்கு. சாயங்காலம் குளிர்ந்து கனக்கும் காற்று அந்தப் பள்ளத்தில் இறங்கும், உங்கள் வாசனையும் அதோடு வயலுக்குப் போகாமல் அங்கேயே போய்விடும். இறங்கியதும் இரண்டு எட்டில் கரைக்குக் கீழே மறைந்துவிடலாம், ஓடும் தண்ணீரின் சத்தம் காலடியை மூடும். ஏணியை வயலுக்கு மறுபுறம், மரத்தின் முதுகுப் பக்கம் சாத்துங்கள்.

கிளம்புமுன் எந்தப் பரண், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். மான் அடித்து, அதைத் தேடித் தாமதமாகும் என்றால் முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள். வீடு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி, உறைநிலைக்கு மேல் வெப்பம் இருக்கும் நாட்களில் நவம்பரிலும் திரியும்.