எட்டு வருஷமா யூடியூபர்களுக்கு எடிட் பண்றேன், கேளுங்க சொல்றேன்

வணக்கம் மக்களே. மதுரைல இருந்து சமையல், ட்ராவல், சினிமா ரிவ்யூன்னு பல சேனலுக்கு எடிட் பண்ணிட்டிருக்கேன். ஸ்பான்சர், ரீல்ஸ், காசு வந்தப்புறம் வீடியோ எப்படி மாறுதுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. தெரிஞ்சத சொல்றேன்.

கே: அண்ணா, அஞ்சு நிமிஷ விஷயத்த இழுத்துக்கிட்டே போறாங்க, ஷார்ட்ஸ்னா கத்திக்கிட்டே ஆரம்பிக்கிறாங்க, ஏன் இப்படி?

ரெண்டுமே காசு கணக்குதான் தம்பி. யூடியூப்ல 8 நிமிஷம் இருந்தாதான் வீடியோ நடுவுல விளம்பரம் போட முடியும், 2020 ஜூலை வரைக்கும் அது 10 நிமிஷமா இருந்துச்சு. அதனால அஞ்சரை நிமிஷ மேட்டர கொண்டு வந்து எப்படியாச்சும் எட்ட தாண்ட வைங்கன்னு கேப்பாங்க, நானும் பண்ணிக் குடுத்திருக்கேன், இப்ப நெனச்சா வருத்தமா இருக்கு. ஷார்ட்ஸ் கதை வேற. 2020 ஜூன் 29 டிக்டாக்க தடை பண்ணாங்க, ஜூலைல ரீல்ஸ், செப்டம்பர்ல ஷார்ட்ஸ் இங்க வந்துச்சு, தள்ளி விடுற பழக்கமும் கூடவே வந்துருச்சு. மொத ரெண்டு மூணு செகண்ட்ல ஆள நிறுத்தலன்னா போச்சு, அதான் கத்தல்.

கே: ஸ்பான்சர் வந்தா கன்டென்ட் கெட்டுடும்னு என் பையன் சொல்றான், உண்மையா தம்பி?

காசு வர்றதால கெடாதுக்கா, ஃப்ரேம்ல என்ன இருக்கணும்னு யாரு முடிவு பண்றாங்கன்றதுலதான் இருக்கு. நான் எடிட் பண்ற ஒரு பாட்டி சேனல், கறிக்குழம்புக்கு மல்லி மொளகா சீரகம் வறுத்து அம்மில அரைப்பாங்க, வளையல் கல்லுல தட்டுற சத்தம் கேக்கும், நடுநடுல தண்ணி தெளிச்சு வழிச்சு விடுவாங்க, அந்த நாப்பது செகண்ட நான் வெட்டவே மாட்டேன். அப்புறம் ஒரு மசாலா கம்பெனி வந்துச்சு. பாக்கெட் லேபிள் கேமராவ பாத்து இருக்கணும், அம்மி தெரியவே கூடாதுன்னாங்க. அம்மிய சாக்கு போட்டு மூடிட்டாங்க. பாட்டி பாக்கெட்ட பல்லால கடிச்சு பிரிச்சாங்க, அதையும் வெட்டச் சொன்னாங்க. கமெண்ட்ல ஒருத்தர் கூட மசாலா பத்தி பேசல, அம்மி எங்கன்னுதான் கேட்டாங்க. புதுக்கோட்டை சின்ன வீரமங்கலத்துல இருந்து 2018ல ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர் தாண்டுச்சே, அவங்களும் கல்லுல அரைக்கிறத விடாம காட்டினவங்கதான்.

கே: 1200 சப்ஸ்கிரைபர் வந்துட்டாங்க, வேலைய விட்டுரலாமா?

விடாதம்மா. யூடியூப் விளம்பரக் காசு வரணும்னா, பெரிய வீடியோ போடுறவங்களுக்கு 1000 சப்ஸ்கிரைபரோட ஒரு வருஷத்துல 4000 மணி நேரம் ஓடியிருக்கணும். அப்புறமும் பெரிய வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம்தான் உனக்கு, ஷார்ட்ஸ்ல 45. இத வச்சு குடும்பம் நடத்த முடியாமத்தான் சின்ன சேனல்லாம் ஸ்பான்சர் சொல்றதுக்கு தலையாட்டுது.

கே: காசு வாங்கல, ஃப்ரீயா பொருள் அனுப்பினாங்க. அதையும் சொல்லணுமா?

சொல்லியே ஆகணும். விளம்பரத் துறைக்காரங்களே நடத்துற விளம்பர தர கவுன்சில் (ASCI) 2021ல இதுக்கு விதி போட்டுச்சு, 2023 ஜனவரில மத்திய அரசும் வழிமுறை வெளியிட்டுச்சு. பொருளு, ஓட்டல் ரூம், பயண டிக்கெட் எல்லாமே இதுல சேரும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்காம வீடியோலயே சொல்லுங்க. தப்பான விளம்பரம்னு முடிவானா 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் பண்ணா 50 லட்சம் வரைக்கும். அபராதத்த விடுங்க, உங்கள நம்பி ஒரு அம்மா முன்னூறு ரூபா குடுத்து வாங்குறாங்க பாருங்க, அவங்களுக்கு அது தெரியணும்.

கே: தியேட்டர் வாசல் ரிவ்யூவ தடை பண்ணிட்டாங்களா?

இல்ல. 2024 நவம்பர்ல தயாரிப்பாளர் சங்கம் வாசல்ல ரிவ்யூ எடுக்க விடாதீங்கன்னு தியேட்டர்காரங்கள கேட்டுக்கிச்சு, டிசம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ரிவ்யூவுக்கு தடை போட மறுத்துருச்சு. எனக்கும் தடைல உடன்பாடு இல்ல. ஆனா காசு வாங்கிட்டு புகழ்றதும் திட்டறதும் படத்துக்கு உழைச்சவங்களுக்கு பண்ற துரோகம்.

கே: ஸ்பான்சர் டீல் பேசும்போது எத விட்டுக்குடுக்கக் கூடாது?

பாதி காசு முன்னாடியே வாங்குங்க, எத்தன தடவ மாத்தச் சொல்லலாம்னு எழுதிக்கோங்க, ரெண்டு போதும். கடைசி எடிட் உங்களோடதுன்னு கண்டிப்பா போடுங்க. பாட்டிக்கு அடுத்து ஒரு எண்ணெய் கம்பெனி வந்தப்ப அவங்க பேரன் பேப்பர்ல ஒரு வரி சேத்தான், அம்மி ஃப்ரேம்ல இருக்கும்னு. கம்பெனிக்காரங்க ஒரு வார்த்த சொல்லாம கையெழுத்து போட்டாங்க.