தூக்கம் கூடியதா, கூடியதாகத் தோன்றியதா? வாசகர் கேள்வி பதில்

தூக்கத்துக்கென்று விற்கப்படும் சப்ளிமென்ட்டுகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எனக்கு வயது 34. நோய் எதுவும் இல்லை. இரவு ஏழு மணி நேரம் தூங்குகிறேன். ஆனால் ஸ்மார்ட் வாட்ச் ‘ஆழ்ந்த உறக்கம் 48 நிமிடம்’ என்றே காட்டுகிறது. மக்னீசியம் கிளைசினேட் 500 மி.கி. வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிட்டால் கூடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆழ்ந்த உறக்கம் என்பது மூளை அலைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி, கண் அசைவையும் தாடைத் தசையையும் சேர்த்துப் பதிவு செய்து, 30 வினாடிக்கு ஒரு துண்டாகப் பிரித்துப் படிப்பார்கள். வாட்ச்சுக்குக் கிடைப்பது முக்கியமாகக் கை அசைவும் நாடித்துடிப்பும்தான். மற்றதை அது ஊகிக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். விழித்தபடி ஆடாமல் அசையாமல் படுத்திருந்தால், அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். அந்த 48 நிமிடத்தை ரத்தப் பரிசோதனை முடிவு போல எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையின் பின்பக்கச் சிறு எழுத்தையும் பாருங்கள். மக்னீசியம் கிளைசினேட் உப்பின் எடையில் மக்னீசியம் சுமார் 14 சதவீதம்தான். லேபிளில் உள்ள 500 மி.கி. உப்பின் எடையாக இருந்தால், உங்களுக்குக் கிடைக்கும் மக்னீசியம் 70 மி.கி. மக்னீசியத்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஈரான் ஆய்வு (2012) தூக்கமின்மையால் அவதிப்பட்ட 46 முதியவர்களிடம் நடந்தது. தினம் 500 மி.கி., எட்டு வாரம். அதன் முடிவை ஏழு மணி நேரம் தூங்கும் 34 வயதுக்காரருக்குப் பொருத்த முடியாது. பகலில் சோர்வு இல்லையென்றால், உங்கள் தூக்கத்தில் கூட்டுவதற்கு அதிக இடமில்லை.

கேள்வி: ‘அஸ்வகந்தாவால் தூக்கத்தின் தரம் 72 சதவீதம் கூடுகிறது, ஆய்வில் நிரூபணம்’ என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா? வீட்டில் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் இருக்கிறது. அதையே சாப்பிட்டால் போதாதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த எண் உண்மையான ஆய்விலிருந்து வந்ததுதான். இந்தியாவில் நடந்து 2020-இல் வெளியானது. நோயில்லாத, ஆனால் தூங்கி எழுந்தும் புத்துணர்வு இல்லை என்று சொன்ன 150 பேரிடம் தினம் 120 மி.கி. அஸ்வகந்தா சாறு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்தின் தரம் 72 சதவீதம் கூடியதாக அவர்களே சொன்னார்கள். விளம்பரம் விட்டுவிடும் எண் ஒன்று உண்டு: மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 29 சதவீதம் கூடியது. ஆகவே அஸ்வகந்தாவின் பங்கு என்று பேசத்தக்கது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. எந்த சப்ளிமென்ட் விளம்பரத்தைப் படித்தாலும், ‘வெற்று மாத்திரைக் குழுவுக்கு எவ்வளவு?’ என்று முதலில் கேளுங்கள்.

சூரணம் வேறு பொருள். அதில் அமுக்கராக் கிழங்கோடு சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சர்க்கரை எல்லாம் சேர்கின்றன. ஆய்வில் கொடுத்ததோ, குறிப்பிட்ட வேதிப்பொருள் இவ்வளவு சதவீதம் என்று அளந்து செறிவாக்கிய சாறு. ஒன்றின் முடிவு மற்றொன்றுக்குச் செல்லாது. அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்; டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொட வேண்டாம்.

கேள்வி: படுத்தால் தூக்கம் வர அரை மணி நேரம் ஆகிறது. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறேன். நண்பர் சொன்னதால் கிளைசின் பவுடர் 3 கிராம் சாப்பிட்டேன். முதல் வாரம் அருமையாகத் தூக்கம் வந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. அது வேலை செய்கிறதா இல்லையா என்று நானே வீட்டில் முறையாகச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: உண்டு. அதுவும் சோதிக்க வசதியான பொருளைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள். கிளைசின் ஓர் அமினோ அமிலம், அன்றிரவே வேலை செய்வதாகச் சொல்லப்படுவது. உடலில் நாள் கணக்கில் தங்காது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிச் சாப்பிட்டு ஒப்பிடலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் பலன் என்று சொல்லப்படும் அஸ்வகந்தா, மக்னீசியம் போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

முதல் வாரம் நன்றாக இருந்ததற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். ஒன்று எதிர்பார்ப்பு. மற்றது, தூக்கம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் யாரும் மாத்திரை வாங்கப் போகிறோம். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம், எதுவும் சாப்பிடாவிட்டாலும், பெரும்பாலும் சற்று மேலாகவே இருக்கும். ஆகவே முதலில் ஒரு வாரம் எதையும் சாப்பிடாமல் டைரி மட்டும் எழுதுங்கள்.

டைரியை எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். இரவில் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அந்தக் கவலையே தூக்கத்தைக் கெடுக்கும். தோராயமாக எழுதினால் போதும். ஓர் இரவின் கணக்கு இப்படி: 10.40-க்குப் படுக்கை, 11.00-க்கு விளக்கணைப்பு, தூக்கம் வர 25 நிமிடம், இடையில் விழித்தது மொத்தம் 35 நிமிடம், கடைசியாக விழித்தது 5.50, எழுந்தது 6.10. விளக்கணைத்ததிலிருந்து கடைசி விழிப்பு வரை 410 நிமிடம். அதில் 25-உம் 35-உம் கழித்தால் தூங்கியது 350 நிமிடம். படுக்கையில் இருந்தது 450 நிமிடம். 350-ஐ 450-ஆல் வகுத்தால் 78 சதவீதம். தூக்கத் திறன் என்பது இதுதான். 85-க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள்.

இனி, சாப்பிட்டது எது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்க வேண்டும். கிளைசின் இனிக்கும், அதன் பெயரே இனிப்பு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரில் கலக்கிக் குடித்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே காப்ஸ்யூல்தான் வழி. ‘00’ அளவுள்ள, உள்ளே இருப்பது தெரியாத நிறத்தில் வெற்றுக் காப்ஸ்யூல் 140 வாங்குங்கள். ஒன்றில் சுமார் 0.6 கிராம் கிளைசின் பிடிக்கும். ஐந்து சேர்ந்தால் 3 கிராம். 70 காப்ஸ்யூலில் கிளைசின் (மொத்தம் 42 கிராம்), மீதி 70-இல் சோள மாவு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் ஐந்தைந்தாக நிறுத்துச் சரிபாருங்கள். ஜெலட்டின் காப்ஸ்யூல் மழைக்கால ஈரத்தில் குழைந்து ஒட்டிக்கொள்ளும். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். விழுங்கும்போது வாயில் ஊறவிடாமல் உடனே விழுங்க வேண்டும், இல்லையென்றால் இனிப்பு கசியும்.

அடுத்த வேலை வீட்டில் வேறொருவருடையது. 28 காகித உறைகளில் 1 முதல் 28 வரை எண் எழுதி, 1-2, 3-4 என்று 14 ஜோடியாக வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு முறை நாணயம் சுண்ட வேண்டும்: தலை விழுந்தால் முதல் உறையில் கிளைசின், இரண்டாவதில் மாவு, பூ விழுந்தால் மாறி. அந்தப் பட்டியலை ஒட்டி மூடி, கடைசி நாள் வரை உங்கள் கண்ணில் படாமல் வைக்கட்டும். நாணயம் சுண்டாமல் மனம்போன போக்கில் மாற்றிவைத்தால், வார இறுதி இரவுகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடக்கூடும்.

படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் அன்றைய உறையைப் பிரித்துச் சாப்பிடுங்கள். விழுங்கிய கையோடு ‘இது கிளைசின்’ அல்லது ‘மாவு’ என்று உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள். காலையில் எழுதினால், நன்றாகத் தூங்கிய இரவையெல்லாம் கிளைசின் என்று எழுதத் தோன்றும். கடைசியில் 28-இல் 20-க்கு மேல் ஊகம் சரியாக இருந்தால், மறைப்பு குலைந்துவிட்டது. அந்தச் சோதனையை நம்ப முடியாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். 400 மி.கி. காஃபீன் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் சாப்பிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு நடுவே கிளைசினின் சிறு பலன் தெரியாது. காய்ச்சல், கல்யாண வீடு, இரவுப் பயணம் என்று ஓர் இரவு கெட்டால் அந்த ஜோடியையே தள்ளிவிட்டு, கடைசியில் புது ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். உங்கள் விஷயத்தில் அது தூக்கம் வர ஆகும் நேரம். ஏழெட்டு அளவுகளைப் பார்த்து நல்லதாகத் தெரிவதைப் பிறகு பொறுக்கினால், மாவுகூட ஜெயிக்கும். முடிந்ததும் பட்டியலைப் பிரித்து, 14 ஜோடிகளில் எத்தனையில் கிளைசின் இரவில் தூக்கம் சீக்கிரம் வந்தது என்று எண்ணுங்கள். எந்தப் பலனும் இல்லாத பொருள்கூட 9 அல்லது அதற்கு மேல் எடுக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. 11 அல்லது அதற்கு மேல் எடுக்க வாய்ப்பு நூற்றில் மூன்றுதான். 11-ஐத் தொட்டால் தொடர்ந்து சாப்பிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்போதும் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். தூக்கத்துக்கென்று விற்கப்படும் ஹார்மோனான மெலடோனினையே எடுத்துக்கொண்டால், 2013-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தூக்கம் வரும் நேரம் குறைந்தது சராசரியாக 7 நிமிடம்.

கிளைசின் ஆய்வுகளில் பலவும் ஜப்பானில், அதைத் தயாரிக்கும் அஜினோமோட்டோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கெடுத்து நடந்தவை. 2007-இல் வந்த முக்கியமான ஒன்றில் 11 பேர்தான் இருந்தார்கள். அதனால்தான் உங்களைப் போல வீட்டில் சோதித்துப் பார்ப்பதற்கு மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறோம். மனநலத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ்சி. உணவியல் படிக்கிறேன். ஆரோக்கியமான 40 மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு சப்ளிமென்ட்டை இரண்டு வாரம் கொடுத்து, பிட்ஸ்பர்க் தூக்கத் தர வினாத்தாளால் அளக்கத் திட்டமிட்டிருக்கிறேன். சரியா?
– மாணவி, கோவை

பதில்: மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். அந்த வினாத்தாள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது; இரண்டு வாரச் சோதனையின் முடிவில் கொடுத்தால் விடையில் பாதி, சோதனைக்கு முந்தைய நாட்களைச் சேர்ந்ததாக இருக்கும். ஆளைச் சேர்க்கும்போது வடிகட்ட அதைப் பயன்படுத்துங்கள். பலனை அளக்கத் தினசரி டைரி வையுங்கள். வினாத்தாளில் 0 முதல் 21 வரை மதிப்பெண், 5-க்கு மேல் போனால் தூக்கம் மோசம். 2, 3 எடுக்கும் மாணவர்களையே சேர்த்தால் குறைய எதுவுமில்லை, பலன் இருந்தும் தெரியாமல் போகும். நோயில்லாத, ஆனால் திருப்தியாகத் தூங்காதவர்களைத் தேடுங்கள்.

எண்ணிக்கையும் போதாது. நடுத்தரப் பலனைப் பிடிக்கவே குழுவுக்கு 64 பேர் தேவை. ஒரே ஆளுக்கு சப்ளிமென்ட்டையும் வெற்று மாத்திரையையும் மாற்றிக் கொடுக்கும் முறையில் 34 பேர் போதும். உங்கள் 40 அதற்குச் சரியாக வரும், விலகுபவர்களுக்கும் இடம் இருக்கும். தேர்வு வாரம் ஒரு கட்டத்தில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளையும் ஆய்வகத்தில் அளந்து வாங்குங்கள். அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மி மிட்டாய்களை 2023-இல் சோதித்தபோது 22-இல் லேபிளும் உள்ளடக்கமும் பொருந்தவில்லை. ஒன்றில் லேபிளில் சொன்ன அளவில் 347 சதவீதம் இருந்தது. அளவு தெரியாத பொருளை வைத்து எந்த முடிவும் எழுத முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடிய வேண்டும். பிறகு பதிவு செய்ய முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் பலமாகக் குறட்டை, பகலில் தூக்கம். மக்னீசியம் கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். வேறு காரணத்துக்காக மருத்துவரே மக்னீசியம் எழுதிக்கொடுத்தால், தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்த்த பிறகே அதுவும்.