லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை பெயர் ஒன்றுகூடத் தென்படாதபோது எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது: தம்பி பயன்படுத்திவிட்டுக் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸ் மின்ட் நிறுவியிருக்கிறீர்கள், நிறுவல் தடங்கலின்றி முடிந்தது, ஆனால் வலையமைப்புக் குறியைச் சொடுக்கினால் ஒரு வைஃபை பெயரும் வருவதில்லை. அதே மேசையில் இருக்கும் கைபேசியோ உங்கள் ரூட்டரையும் அக்கம்பக்கத்து ரூட்டர்களையும் சேர்த்து ஏழு பெயர்களைக் காட்டுகிறது. இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தும் பலனில்லாததால், மறுபடியும் விண்டோஸுக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

போக வேண்டாம். விண்டோஸ் இருந்தவரை வைஃபை வேலை செய்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எனவே வைஃபை அட்டை, அதாவது அலைகளை வாங்கி அனுப்பும் உட்பாகம், பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால், கண்ணில் பட்ட கட்டளைகளை இடுவதை இப்போதே நிறுத்திவிடுங்கள். ‘வைஃபை வரவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது என்பதோடு, சில வேளைகளில் கெடுத்தும்விடும். எடுத்துக்காட்டாக, பிராட்காம் நிறுவனத்தின் அட்டைகளுக்கான ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பொதி, நிறுவப்படும்போதே வேறு சில டிரைவர்கள் ஏறாதபடி ஒரு தடைப்பட்டியலையும் வைத்துவிடுகிறது. அந்தப் பொதி தேவைப்படாத அட்டைக்கு அதை நிறுவினால், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த டிரைவரும் மறுமுறை ஏறாமல் போகக்கூடும். அதனால் மென்பொருள் மேலாளரைத் திறந்து, இந்தச் சில நாட்களில் நீங்கள் சேர்த்த வைஃபை பொதிகளை முதலில் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, இணையம் இல்லாத கணினியில் இணையத்தைச் சரிசெய்வது கடினம் என்பதால், தற்காலிகமாக ஒரு வழி செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே கம்பி வழியாக வந்துவிடும். கைபேசியின் டேட்டா செலவாகாது.

இனி டெர்மினலைத் திறந்து ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ என்று இடுங்கள். (கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.) வரும் பட்டியலில் வகை என்ற நெடுவரிசையில் வைஃபை என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விக்கான விடைதான் பாதி வேலையை முடித்துவிடுகிறது. வரியே இல்லை என்றால், வைஃபை அட்டை ஒன்று இருப்பதே லினக்ஸின் மையநிரலான கெர்னலுக்குத் தெரியவில்லை அல்லது தெரிந்தும் அதை இயக்க முடியவில்லை. வரி இருந்தும் பெயர்கள் வரவில்லை என்றால், அட்டையும் டிரைவரும் நலம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வரியின் தொடக்கத்தில் ‘டபிள்யூஎல்பி3எஸ்0’ என்பது போன்ற ஒரு பெயர் இருந்தால் திகைக்க வேண்டாம். 2013 முதல், லினக்ஸின் தொடக்கப் பணிகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள், கருவி கணினிக்குள் எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தைக் கொண்டே பெயர் சூட்டுகிறது. கம்பியில்லாக் கருவி, மூன்றாம் பஸ் (கருவிகளை இணைக்கும் உள்வழித்தடம்), பூச்சியச் செருகுமிடம் என்பதுதான் இதன் பொருள். பழைய குறிப்புகள் எல்லாம் ‘டபிள்யூலேன்0’ என்ற பெயரையே வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே படியெடுத்து இட்டவர்கள், ‘அப்படி ஒரு கருவி இல்லை’ என்று விடை வந்ததும் அட்டை செத்துவிட்டது என்று முடிவுகட்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வைஃபை வரியே இல்லாதவர்கள் ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையை, அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, இடைக்கோடும் என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து இட வேண்டும். நீண்ட பட்டியல் ஒன்று ஓடும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பகுதிதான் நமக்குத் தேவை. அந்த வரியின் இறுதியில் சதுர அடைப்புக்குள், நந்நான்கு எழுத்துகளாக இரண்டு எண்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு இருக்கும். முதல் எண் தயாரிப்பாளரைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெராஸ், 14சி3 என்றால் மீடியாடெக். இரண்டாவது எண் மாதிரியைக் குறிக்கும். மடிக்கணினியின் மாதிரிப் பெயரை வைத்துத் தேடுவதைவிட இந்த எட்டு எழுத்துகளை வைத்துத் தேடுவது பன்மடங்கு பயன் தரும். ஏனெனில் ஒரே மாதிரிப் பெயரில் விற்கப்படும் கணினிகளுக்குள்ளேயே வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருப்பது வழக்கம்.

அதே பகுதியின் கீழ் ‘பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்’ என்னும் பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. அட்டை மிகப் புதியதாகவும் கெர்னல் பழையதாகவும் இருந்தால் இப்படி நேரும்: இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டைக்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் வேண்டும், ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ அட்டைக்கு 6.2 வேண்டும். இவற்றுக்குப் புதிய கெர்னலே தீர்வு. மின்ட்டில் அப்டேட் மேலாளருக்குள்ளேயே கெர்னலை மாற்றும் வசதி இருக்கிறது. பிராட்காம் பிசிஎம்43142 போன்ற அட்டைகளின் கதை வேறு. அவற்றுக்கான டிரைவர் கெர்னலோடு வருவதே இல்லை. மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால் அது தானாகவே அட்டையை அறிந்து, பிராட்காம் டிரைவரை நிறுவட்டுமா என்று கேட்கும்.

இங்கே செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு வசதி) என்ற ஒரு கண்ணி உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், கையொப்பமிடப்படாத டிரைவரைக் கெர்னல் ஏற்றுக்கொள்ளாது. டிரைவர் ஒழுங்காக நிறுவப்பட்டதாகவே மேலாளர் சொல்லும், வைஃபை மட்டும் வராது. நிறுவும்போது உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்கப்பட்டிருக்கும். கணினியை மறுபடி தொடங்கியதும் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லை இட்டால்தான் கையொப்பம் செல்லும். அந்த நீலத் திரை சில வினாடிகளே காத்திருந்துவிட்டுப் போய்விடும். தேநீர் எடுக்க எழுந்தவருக்கு அப்படி ஒரு திரை வந்ததே தெரியாது. அதைத் தவறவிட்டிருந்தால் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், திரை மீண்டும் வரும். செக்யூர் பூட்டை பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்துவிடுவதும் வேலை செய்யும் என்றாலும், முதல் வழி இருக்கும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரைவர் வரி இருந்தும் வைஃபை வரி இல்லை என்றால் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று பொருள்கொள்ளலாம். பெரும்பாலான வைஃபை அட்டைகள் தமக்குள் ஓடவேண்டிய சிறு நிரலை ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்தே பெற்றுக்கொள்பவை. அந்தக் கோப்பு வட்டில் இல்லாவிட்டால், டிரைவர் அட்டையை அடையாளம் கண்டுகொண்ட பிறகும் அதை எழுப்ப முடியாது. நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ சேர்த்து ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையை இட்டு, ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைத் தேடினால் எந்தக் கோப்பு இல்லை என்பது பெயரோடு தெரியும். மின்ட்டில் இது அரிது. டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வகையின் பழைய பதிப்புகளில் மிகவும் இயல்பாக இருந்தது; 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து விதியை மாற்றிய பின், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகள் நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்படுகின்றன.

‘எல்எஸ்பிசிஐ’ பட்டியலிலேயே அட்டை இல்லை என்றால், பயோஸில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உறங்கிக் கிடந்த அட்டை சில வேளை இதனாலேயே எழுந்துவிடும்.

இனி, வைஃபை வரி இருந்தும் பெயர்கள் வராத நிலை. நிலை என்ற நெடுவரிசையில் ‘அன்அவைலபிள்’ என்றிருந்தால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று இடுங்கள். மென்தடை, வன்தடை என்று இரண்டு வரிகள் காட்டும். மென்தடை ‘ஆம்’ என்றால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்’ என்ற கட்டளை நீக்கிவிடும். வன்தடை ‘ஆம்’ என்றால் எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது. விமானப் படம் உள்ள விசையையோ, கணினியின் விளிம்பில் உள்ள சிறு நகர்த்தியையோதான் தேட வேண்டும். பழைய கணினிகளில் அந்த நகர்த்தி பையில் உரசித் தானாகவே நகர்ந்துவிடுவது உண்டு. நிலை ‘அன்மேனேஜ்டு’ என்றிருந்தால், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் அந்தக் கருவியைத் தன் பொறுப்பில் எடுக்கவில்லை. பழைய முறையிலான இன்டர்ஃபேசஸ் கோப்பில் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கும், அந்த வரிகளை நீக்கினால் போதும்.

நிலை ‘டிஸ்கனெக்டெட்’ என்று சரியாகவே இருந்து, தடை எதுவும் இல்லாமல், பட்டியல் மட்டும் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? உங்கள் விவரிப்பைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த நிலைதான். நான் ஒரு வாரம் போராடியதும் இதோடுதான். என்னுடைய கணினியில் இருந்தது ஆர்டிஎல்8723பிஇ என்ற அட்டை. டிரைவர் ஏறியிருந்தது, ஃபர்ம்வேர் இருந்தது, ‘டிஎம்இஎஸ்ஜி’யில் ஒரு பிழையும் இல்லை. படுக்கையறையில் பட்டியல் காலி. கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ரூட்டர் இருக்கும் அலமாரியில் அதன் பக்கத்திலேயே வைத்தபோது, எங்கள் வீட்டுப் பெயர் ஒன்று மட்டும் ஒற்றைக் கோட்டோடு வந்தது. அலைவலிமை மைனஸ் 86 டிபிஎம் (இந்த அளவையில் எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்). ஒரு சாண் தூரத்தில் மைனஸ் 40 அளவில் இருக்க வேண்டிய எண் அது. அப்போதுதான், கணினிக்குக் கண் இருக்கிறது, காதுதான் இல்லை என்று புரிந்தது.

அடிமூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுள்ள பச்சை அட்டையின் ஓரத்தில் பொன்னிறத்தில் இரண்டு சிறு குமிழ்கள், ஆன்டெனா கம்பிகளைச் செருகுவதற்காக. ஒன்றில் கறுப்புக் கம்பி ஒன்று இருந்தது. மற்றொன்று வெறுமையாக இருந்தது. கணினியைச் செய்தவர்கள் ஒரே ஓர் ஆன்டெனாவை மட்டும் வைத்திருந்தார்கள்; டிரைவரோ தன் இயல்புநிலைப்படி வெறும் குமிழின் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த டிரைவருக்கு ‘ஆன்ட்’, அடிக்கோடு, ‘செல்’ என்று ஓர் அளபுரு (நாம் மாற்றக்கூடிய அமைப்பு) உண்டு. அதற்கு 1 என்றோ 2 என்றோ மதிப்புத் தந்தால் எந்தக் குமிழைப் பயன்படுத்துவது என்பதை நாமே சொல்லிவிடலாம். ‘சூடோ மாட்ப்ரோப்’ கட்டளையை இடைக்கோடும் ஆர் என்ற எழுத்தும் சேர்த்து இட்டு டிரைவரை இறக்கிவிட்டு, அளபுருவோடு மறுபடி ஏற்றினேன். 1 பலிக்கவில்லை. 2 என்று தந்ததும், கண்ணெதிரே ஒன்பது பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அதே படுக்கையறையில் வலிமை மைனஸ் 52. மாற்றம் நிலைக்க வேண்டும் என்பதற்காக, இடிசி அடைவில் உள்ள ‘மாட்ப்ரோப் டாட் டி’ கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கி, ஆப்ஷன்ஸ் என்ற சொல், டிரைவரின் பெயர், அளபுரு, சமக்குறி, 2 என்று ஒரே வரியாக எழுதி வைத்தேன். கெர்னல் எத்தனை முறை மாறினாலும் அது அப்படியே தொடர்கிறது. கம்பியைக் கழற்றி மற்றக் குமிழில் செருகுவதும் இதே பலனைத் தரும் என்றாலும், அந்தச் செருகிகள் மிக மெலிந்தவை. பழக்கமில்லாத கை பட்டால் பிய்ந்துவிடும்.

ஆகவே மடிக்கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு பெயராவது மங்கலாக வந்தால் சிக்கல் ஆன்டெனாவில்தான். எல்லாப் பெயர்களும் வந்து உங்கள் பெயர் மட்டும் வராவிட்டால், உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறதா என்று பாருங்கள். நான் சொன்ன 8723 போன்ற அட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்தவை. ரூட்டர் 12 அல்லது 13ஆம் தடத்தில் (சேனலில்) இருந்து, அட்டை அமெரிக்க விதிப்படி அமைந்திருந்தாலும் இதேபோல் நேரும். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தத் தடங்கள் அனுமதிக்கப்பட்டவை. அமெரிக்க விதியில் உள்ள அட்டை அவற்றைத் தேடுவதே இல்லை. ரூட்டரை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ காட்டும் நிலை, ‘எல்எஸ்பிசிஐ’ தரும் அந்த எட்டு எழுத்துகளும் அவற்றின் கீழுள்ள டிரைவர் வரியும், ‘ஆர்எஃப்கில்’ சொல்லும் இரண்டு வரிகள், இவற்றை உங்கள் கேள்வியின் கீழே சேர்த்துவிடுங்கள். அட்டையின் எண் தெரிந்துவிட்டால், அதற்குரிய கட்டளையை அப்படியே எழுதித் தருகிறேன்.